பெரிய வீட்டுச் சொந்தங்கள்: கொரியக் கிராமத்திலிருந்து யாழினி

யாழினி: எல்லாருக்கும் வணக்கம். ஜொன்ஜுவிலிருந்து பஸ் பிடித்து இம்சில் மாவட்டத்தில் பில்போங் என்ற ஊருக்கு வந்திருக்கிறேன். இங்கே சந்திரக் கணக்குப்படி வருஷத்தின் முதல் பௌர்ணமி, ஊரே தெருவில்தான் இருக்கிறது. மூன்று வீடியோ போட்டிருக்கிறேன், நெட் மெதுவாக இருப்பதால் ஒவ்வொன்றாக வரும்.

பெரியம்மா: இங்கேயும் இன்றைக்கு மாசி மகம் கண்ணு. இப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். நீ சாப்பிட்டாயா? அசைவம் இல்லாமல் அங்கே என்ன கிடைக்கும்?

யாழினி: இன்றைக்கு அந்தக் கவலையே இல்லை பெரியம்மா. இந்தப் பௌர்ணமிக்கென்றே ஐந்து தானியச் சோறு பொங்குகிறார்கள். ஒட்டுகிற அரிசி, தினை, சோளம், சிவப்புப் பயறு, கருப்பு சோயா எல்லாம் சேர்ந்தது. தொட்டுக்கொள்ள வற்றல். கத்தரிக்காய், பூசணி, முள்ளங்கிக் கீரை, மலையில் பறித்த பெரணிக் குருத்து என்று போன வருஷம் வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தது. சில வீடுகளில் நெத்திலி வேகவைத்த தண்ணீர் சேர்ப்பார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். நான் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி எனக்காகத் தனிச் சட்டியே வைத்துவிட்டார்.

சுமதி சித்தி: வற்றலை வறுப்பார்களா?

யாழினி: வறுப்பதில்லை சித்தி. இரவே ஊறப்போட்டு, வேகவைத்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, பூண்டும் வீட்டில் இறக்கிய சோயா சாறும் போட்டுப் பிசைந்து, அப்புறம் பெரில்லா விதை எண்ணெயில் வதக்குகிறார்கள். கையால் பிசைவதில்தான் ருசி என்று பாட்டி என்னையும் உட்கார வைத்துவிட்டார். இன்னொன்று, இன்றைக்கு வேறு வேறு வம்சத்தார் மூன்று வீட்டுச் சோறாவது சாப்பிட்டால் நல்லது என்பார்கள், அதனால் கிண்ணம் கிண்ணமாகத் தெருவில் போகிறது.

ரவி மாமா: இரண்டாவது வீடியோ வந்தது. இடுப்புக் குறுகின அந்த மத்தளத்தைத் தோளில் கட்டிக்கொண்டு ஆடியபடியே வாசிக்கிறாரே, அது என்ன வாத்தியம்? வார் எப்படிப் பிடித்திருக்கிறார்கள்? கிட்டப்போய்ப் பார்த்துச் சொல் யாழினி.

யாழினி: ஜாங்கு மாமா. கையில் வாங்கியே பார்த்துவிட்டேன், அவர்களே கொடுத்தார்கள். கட்டை பவுலோனியா மரம், எடுத்தால் கனமே தெரியவில்லை. இடது பக்கத் தோல் தடிமன், வலது பக்கம் மெலிசு. இடது கையில் நுனியில் உருண்டை வைத்த கோல், வலது கையில் மூங்கில் சீவிய மெல்லிய குச்சி. உருண்டைக் கோல் தன் பக்கத்தோடு நிற்காமல் அடிக்கடி வலது தோலுக்கும் தாவிவிட்டுத் திரும்புகிறது, ஆட்டத்துக்கு நடுவே அதைச் செய்வதைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. இரு முகத்துக்கும் நடுவே கயிறு ஓடுகிறது, பக்கத்துப் பக்கத்துக் கயிறுகளைச் சேர்த்துப் பிடித்தபடி சின்னச் சின்னத் தோல் துண்டுகள். அதை நகர்த்தினால் தோல் இறுகும், திருப்பி நகர்த்தினால் தளரும்.

ரவி மாமா: அருமை. எங்கள் தவிலில் வார் இழுக்க ஒரு ஆள் பலம் வேண்டும். சரி, தாளம் யார் கையில்? மத்தளக்காரர் தலைமை தாங்குவதாகத் தெரியவில்லையே.

யாழினி: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். தலைமை குவெங்குவாரி என்ற சின்ன வெண்கலத் தட்டுக்கு. அதை அடித்துக்கொண்டு முன்னால் போகிற தலைவரை சாங்ஸ்வே என்பார்கள். கூர்மையான சத்தம், அதுதான் கட்டளை, அவர் மாற்றினால் முழுக் கூட்டமும் மாறும். பெரிய தட்டு ஜிங், நின்று ஒலிக்கும். ஒரு சுற்றில் ஜிங் எத்தனை அடி விழுகிறதோ அதை வைத்தே தாளத்துக்குப் பெயர், ஏழு அடி விழுந்தால் ஏழாம் தாளம். அப்புறம் புக் என்ற முரசு. குவெங்குவாரி மின்னல், ஜிங் காற்று, ஜாங்கு மழை, புக் மேகம் என்று சொல்கிறார்கள். மழையை எதிர்பார்த்து நிற்கிற விவசாயிகளின் வாத்தியம் அல்லவா.

கதிர்: அக்கா, மூன்றாவது வீடியோவில் ஒரு வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஜாடிகளுக்கு முன்னால் நின்று அடிக்கிறார்கள். அங்கே ஆளே இல்லையே, யாருக்காக?

யாழினி: ஜாடிகளுக்காகத்தான் தம்பி! நான் இந்த ஊருக்கு வரவேண்டும் என்று நினைத்ததே இதற்காக. மேளக்காரர்கள் முதலில் ஊர்க் காவல் மரத்துக்கு வாசிக்கிறார்கள், அப்புறம் பொதுக் கிணற்றுக்கு, தண்ணீர் வற்றாமல் இருக்க. அப்புறம்தான் வீடு வீடாக. வாசலில் வாசித்து உள்ளே வந்து, முற்றத்தை மிதித்து ஆடி, சமையலறைக்குள் போய் அடுப்புத் தெய்வத்துக்கு வாசித்து, பின்கட்டில் ஜாடிகள் வைத்திருக்கும் மேடைக்கு வருகிறார்கள். வருஷம் முழுக்க அந்த வீடு சாப்பிடப்போகும் சோயா சாறும் விழுதும் மிளகாய் விழுதும் அந்த ஜாடிகளில்தான் இருக்கின்றன, அது கெடாமல் நன்றாக விளைய வேண்டும் என்று சாங்ஸ்வே சொல்லிப் பாட, மற்றவர்கள் அடிக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் சின்ன மேசையில் அரிசியும் மெழுகுவத்தியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள். சேரும் அரிசியும் பணமும் பழைய நாளில் ஊர்ப் பொதுச் செலவுக்குப் போனது.

1978இல் சியோலில் இந்த நான்கு வாத்தியத்தையும் உட்கார்ந்து வாசிக்கும் மேடைக் கச்சேரியாக்கினார்கள், சாமுல்நோரி என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. நானும் அதைக் கேட்டுத்தான் மயங்கினேன். ஆனாலும் அடுப்படிக்குள் புகுந்து அடிக்கும்போது கேட்பது வேறு, சட்டி பானையெல்லாம் அதிர்கிறது. சாமி கும்பிடுவது, சமைப்பது, பாடுவது மூன்றையும் இவர்கள் தனித்தனியாகப் பிரிக்கவே இல்லை.

அப்பா: நல்லா எழுதியிருக்கிறாய் பாப்பா. வெளியூர்ப் பிள்ளையை இப்படி உள்ளே விடுகிறார்களே.

யாழினி: இங்கே பயிற்சிக் கூடமே இருக்கிறது அப்பா, கல்லூரி விடுமுறையில் பிள்ளைகள் வந்து தங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். அரசு 1988இல் இந்த ஊர் மேளத்தைத் தேசிய மரபுச் சொத்தாக அறிவித்தது. கொரியாவின் நோங்காக் மேள ஆட்டம் மொத்தமும் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜாடியில் இருக்கும் சோயா சாறு, விழுது வகைகளுக்கு ஜாங் என்று பேர், அதைச் செய்யும் முறையும் 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

பெரியம்மா: அந்தச் சோயா விழுதை எப்படிச் செய்கிறார்கள்? விவரமாகச் சொல்.

யாழினி: போன வாரம் பாட்டியோடு நானும் செய்தேன் பெரியம்மா. குளிர் தொடங்கும்போதே சோயாவை வேகவைத்து இடித்து, செங்கல் மாதிரிப் பிடித்து, வைக்கோலால் கட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். அதற்குப் பேர் மேஜு. வைக்கோலில் இருக்கும் நுண்ணுயிர் ஏறிப் புளிக்கும், மேலே பூஞ்சை பூக்கும். முதல் மாதத்தில் நாள் பார்த்து அதைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து ஜாடியில் அடுக்கி உப்புத் தண்ணீர் விடுகிறோம். உப்பு போதுமா என்று பார்க்க ஒரு பச்சை முட்டையை மிதக்கவிட்டார். மேலே தெரியும் வட்டம் 500 வோன் நாணயம் அளவு இருந்தால் சரி. அப்புறம் தணலில் காட்டிய கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இலந்தை. ஜாடிக் கழுத்தில் வைக்கோல் கயிறு. 40 முதல் 60 நாளில் பிரித்தால் தண்ணீர் சோயா சாறு, கட்டியாக நிற்பது விழுது.

பெரியம்மா: முட்டை வேண்டாமே, வேறு வழி இருக்கிறதா கேள்.

யாழினி: கேட்கிறேன். வெறும் அளவுக்குத்தான், மிதக்கவிட்டு எடுத்துவிடுகிறார்கள்.

ரவி மாமா: ஏழாம் தாளத்தை முழுசாக ஒரு சுற்று, ஜிங் பக்கத்தில் நின்று பதிவு செய்து அனுப்பு. நடுவில் பேசாதே.

யாழினி: சரி மாமா. பைன் கிளையும் மூங்கிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நிலா எழும்பியதும் கொளுத்திச் சுற்றிவந்து ஆடுவார்கள். அதற்கு முன்னால் இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கிறது, அடுத்த வீட்டு அடுப்படியில் பதிவு செய்கிறேன்.