ஒரு கடைவாய்ப் பல் போனால்: பிரிட்ஜா, இம்ப்ளாண்டா, சும்மா விடவா?

ஓட்டைவாய்:
வயது 47. கீழ்த்தாடையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப் பல்லை இரண்டு மாதத்துக்கு முன் பிடுங்கிவிட்டார்கள். வேரோடு விரிசல், காப்பாற்ற வழியில்லையாம். அன்றிலிருந்து என் நாக்குக்கு வேறு வேலையே இல்லை, அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறது. ஒரு மருத்துவர் இம்ப்ளாண்ட் போடுங்கள், அதாவது தாடை எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து அதன்மேல் பல் வையுங்கள் என்கிறார். இன்னொருவர், இரண்டு பக்கப் பல்லையும் அராவி, நடுவில் பொய்ப்பல் தொங்கும் மூன்று பல் பிரிட்ஜ் மாட்டினால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்கிறார். கழற்றி மாட்டும் செட் வேண்டவே வேண்டாம், அதை நானே முடிவு செய்துவிட்டேன். சர்க்கரை இல்லை, புகைப் பழக்கம் இல்லை. என்ன செய்யலாம்?

டைட்டானியம்தாசன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இம்ப்ளாண்ட்தான். ஒரு பல் இல்லை என்பதற்காக நன்றாக இருக்கும் இரண்டு பல்லைச் சீவுவது எந்த ஊர் நியாயம்? பிரிட்ஜைத் தாங்கும் பல்மேல் கேப் (உறை) உட்கார வேண்டுமானால் சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அராவ வேண்டும். போன எனாமல் திரும்ப முளைக்காது.

இது நேற்று வந்த விஷயமும் இல்லை. டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்வதை ஸ்வீடன்காரர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல் எலும்பை ஆராயும்போது கண்டுபிடித்தார். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அந்த மனிதர் இறக்கும்வரை, 40 ஆண்டு, அவை அவர் வாயிலேயே இருந்தன.

பாலத்தடி:
அந்த ஒருவர் கதையை எல்லோரும் சொல்வார்கள். என் வாயில் பிரிட்ஜ் 19 வருடமாக இருக்கிறது, அதைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் 10 ஆண்டு கழித்து வாயில் நிலைத்திருப்பதில் இரண்டுமே 90 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கின்றன. இம்ப்ளாண்ட் கொஞ்சம் முன்னே, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு அறுவை சிகிச்சை, அப்புறம் எலும்பு பிடிக்கப் பெரும்பாலும் சில மாதக் காத்திருப்பு. எலும்பு போதாது என்றால் ஒட்டு எலும்பு வைக்க இன்னும் சில மாதம். பிரிட்ஜுக்கு அளவு எடுத்தால் அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

டைட்டானியம்தாசன்:
நானும் பிரிட்ஜ் போட்டவன்தான். எட்டாவது வருடம் லேசாக ஆடியது. மருத்துவர் தட்டிக் கழற்றியபோது வந்த நாற்றம் இருக்கிறதே, முகக்கவசத்தோடு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே தூணாக இருந்த பல் அரித்துப்போன மரம் மாதிரி கருப்பாக, மெத்தென்று இருந்தது. அந்தப் பல்லும் போச்சு. மூன்று பல் பிரிட்ஜ் நான்கு பல் கணக்காக ஆனது. டைட்டானியத்துக்குச் சொத்தை வராது ஐயா!

பாலத்தடி:
சொத்தை வராது, சரி. சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் அழுகாதா? இம்ப்ளாண்டைச் சுற்றி வீக்கம் வந்து எலும்பு கரைவது ஒன்றும் அபூர்வம் இல்லை. பெரும்பாலும் வலியும் இருக்காது, தெரியவரும்போது பாதி எலும்பு போயிருக்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த எட்டு வருடத்தில் பிரிட்ஜுக்கு அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்தீர்களா? மேலிருந்து நூல் இறங்காது, மூன்று பல்லும் ஒட்டியிருக்கும். விறைப்பான முனையுள்ள நூலைப் பக்கவாட்டில் செருகி, ஊசியில் கோப்பது போல அந்தப் பக்கம் இழுத்து, பொய்ப்பல்லின் அடிவயிற்றைத் தேய்க்க வேண்டும். நான் தினமும் இரவு செய்கிறேன்.

டைட்டானியம்தாசன்:
செய்யவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

சும்மாஇருப்பவன்:
மூன்றாவது வழியை ஏன் யாரும் பேசுவதில்லை? விட்டுவிடுங்கள். எல்லாப் பல்லும் இருந்தால்தான் மெல்ல முடியும் என்பதே தவறு. நெதர்லாந்தில் கைசர் என்ற பேராசிரியர் 1981இலேயே எழுதினார்: முன்பற்களும் அதையடுத்த சிறு கடைவாய்ப் பற்களும் ஒழுங்காக இருந்தால், பின்னால் கடைவாய்ப் பல் இல்லாமலே பலர் நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று.

பாலத்தடி:
அது வரிசை பின்னால் குறைந்து போனவர்களுக்கு. இவருக்கு ஓட்டை நடுவில். பின்னால் நிற்கும் பல் முன்பக்கம் சாயும், மேல் பல் கீழே இறங்கும்.

சும்மாஇருப்பவன்:
சாயலாம், சாயாமலும் இருக்கலாம். நிறையப் பேருக்கு ஓரிரு மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அச்சு எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் போச்சு.

டைட்டானியம்தாசன்:
எலும்பு காத்திருக்காதே. பல் பிடுங்கிய இடத்தில் முதல் வருடத்திலேயே தாடை மேட்டின் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்தில். இவர் ஏற்கெனவே இரண்டைக் கழித்துவிட்டார். மூன்று வருடம் கழித்து மனம் மாறினால் ஒட்டு எலும்பு கேட்பார்கள்.

சும்மாஇருப்பவன்:
அது நியாயமான பேச்சு. விட்டுவிடுவதாக இருந்தாலும் தெரிந்து விட வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

செட்டுக்காரி:
கழற்றும் செட்டை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டீர்களே என்று வருத்தத்தோடு வந்தேன். ஆனால் ஒரு பல்லுக்கு நானும் சொல்ல மாட்டேன். அவ்வளவு சின்னச் செட் தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. எனக்குக் கீழே ஒரு பல்லும் இல்லை. முழுச் செட் பேசும்போதெல்லாம் எழும்பும். இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் போட்டு அதன்மேல் செட்டைப் பொத்தான் மாதிரி அழுத்தி மாட்டுகிறேன். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் கீழ்த்தாடைக்கு முதலில் இதைத்தான் தர வேண்டும் என்றார்களாம். நீங்கள் வேண்டாம் என்று தள்ளிய செட்டும், இவர்கள் சண்டை போடும் இம்ப்ளாண்டும் என் வாயில் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

ஈறுபார்ப்பவர்:
பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. இவ்வளவு நேரம் பேசினீர்கள், பக்கத்துப் பல் இரண்டும் எப்படி இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லையே! அது தெரியாமல் பிரிட்ஜ் நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, விரிசல் ஏன் வந்தது? எதையாவது கடித்தீர்களா, இல்லை தூக்கத்தில் பல் கடிப்பீர்களா?

ஓட்டைவாய்:
முன்னால் இருக்கும் பல் கைபடாதது. பின்னால் இருப்பதற்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது, கேப் ஓரம் திறந்திருக்கிறது, எப்படியும் மாற்ற வேண்டும் என்றார்கள். இரவில் நறநறவென்று சத்தம் வருவதாக என் மனைவி பல வருடமாகச் சொல்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

பாலத்தடி:
பார்த்தீர்களா, பின் பல் ஏற்கெனவே அராவியதுதான்! கேப்பையும் மாற்றியே ஆக வேண்டும். பாதி பிரிட்ஜ் தயார்.

டைட்டானியம்தாசன்:
ரூட் கெனால் செய்த பல்லைத் தூணாக்கி, அதன்மேல் இன்னொரு பல்லின் பாரத்தையும் ஏற்றப் போகிறீர்களா? அதுவும் பல் கடிப்பவருக்கு? அடுத்த விரிசல் அங்கேதான்.

ஈறுபார்ப்பவர்:
இம்ப்ளாண்டுக்கும் பல் கடிப்பது ஆகாது. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெத்தை மாதிரி நார் இருக்கிறது, அழுத்தினால் உணரும். இம்ப்ளாண்டுக்கு அது கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று சரியாகத் தெரியாமலே அழுத்துவீர்கள், திருகு தளரும், மேலே பீங்கான் சில்லு பெயரும். எதைப் போட்டாலும் இரவுக் கவசம் கேளுங்கள், தூங்கும்போது பல்லின்மேல் மாட்டிக்கொள்வது. இம்ப்ளாண்ட் என்றால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடுகிறது, அதற்கும் திருகின் நுனிக்கும் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

ஓட்டைவாய்:
மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறேன். ஸ்கேனில் நரம்புக்கு மேல் 14 மில்லிமீட்டர் எலும்பு, 10 மில்லிமீட்டர் திருகு போதும் என்றார் மருத்துவர். அகலமும் இப்போதைக்கு இருக்கிறதாம். முன் பல்லைத் தொட மனம் வரவில்லை, அதனால் இம்ப்ளாண்ட். பின் பல்லுக்குத் தனிக் கேப். கவசத்துக்கு அளவு கொடுத்தாகிவிட்டது, கேப் மாட்டியதும் அதன்மேல் சரிசெய்து தருவார்கள்.

டைட்டானியம்தாசன்:
நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

பாலத்தடி:
நீங்கள் ஸ்கேன் எடுக்கவும் சொல்லவில்லை, கவசம் போடவும் சொல்லவில்லை. ஓட்டைவாய், அந்த நூலை நீங்களும் வாங்குங்கள், இம்ப்ளாண்டைச் சுற்றியும் அதேதான். 19 வருடம் கழித்து வந்து சொல்லுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.

ஓட்டைவாய்:
அதற்குள் பெயரையாவது மாற்றிக்கொள்கிறேன்.