வெள்ளைப்புள்ளி மூன்றாவது முறையும் வந்துவிட்டது

திருகோணமலை, உப்புவெளி. 3 அடி மீன்தொட்டி, ஏறக்குறைய 150 லீற்றர், கிணற்றுத் தண்ணீர். நியோன் டெட்ரா 10, கப்பி 6, கோரிடோரஸ் 4, ஒரு சோடி ஏஞ்சல். மார்கழி மழையோடு தொடங்கிய வெள்ளைப்புள்ளி (ஒட்டுண்ணியால் மீனுக்கு வரும் நோய்) இன்னும் விட்டபாடில்லை. டெட்ராவில் 3 செத்துவிட்டன.

ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். முதலில் மீன்கள் கல்லில் உரசும், இரண்டு நாளில் செட்டையில் உப்புத்தூள் தூவியது போலப் புள்ளிகள்.

முதல் முறை ஹீற்றரை 26 பாகையில் இருந்து மெல்ல 30க்கு ஏற்றினேன், காற்றுக்கல் கூட்டினேன், பில்டரில் இருந்த கரியை எடுத்தேன். கோரிடோரஸுக்கு ஒத்துக்கொள்ளாதோ என்று பயந்து மலக்கைட் கிரீன் மருந்து பாதி அளவுதான், 5 நாள். புள்ளி மறைந்ததும் நிறுத்தினேன். மருந்து நீரில் நீந்தும் கட்டத்தில்தான் ஒட்டுண்ணியைக் கொல்லும், தோலுக்குள் இருக்கும்போது தொடாது என்று தெரிந்தும் அவசரப்பட்டேன், என் பிழை. 12 நாளில் திரும்பி வந்தது.

அடுத்த முறை அதே பாதி அளவு, 10 நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கல்லை உறிஞ்சி 30% தண்ணீர் மாற்றினேன். மூன்று வாரம் நிம்மதி, அப்புறம் நேற்று ஏஞ்சலின் வாலில் மறுபடியும்.

அமோனியா, நைத்திரைற் இரண்டும் பூச்சியம். புது மீனோ செடியோ இடையில் போடவில்லை. இரவில் மின்சாரம் போய் ஹீற்றர் நின்ற நாட்கள் உண்டு, சந்தேகம் அதில்தான். உப்பு இன்னும் போடவில்லை.

கோரிடோரஸ் உள்ள தொட்டியில் மலக்கைட் கிரீனை முழு அளவில் போட்டவர்கள், கடைசிப் புள்ளி மறைந்த பிறகு எத்தனை நாள் தொடர்ந்தீர்கள்?