1938-க்கு முன் ராபின்சன் பூங்காவில் ரேடியோ கேட்டிருக்க முடியுமா?

கல்மண்டபம்:
எங்கள் தாத்தா ராயபுரத்துக்காரர். வேலை விட்டதும் ராபின்சன் பூங்காவில் உட்கார்ந்து ரேடியோவில் கச்சேரி கேட்டதாக ஓயாமல் சொல்வார். சென்னை வானொலி நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16. தாத்தாவோ 1936-லேயே ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவர் கேட்டது எந்த நிலையம்? சிலோனா?

மயிலைவாசி:
1942-இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களில் ஒருவராக இருப்பார். வந்த பிறகு கேட்டதை முன்னால் தள்ளிச் சொல்லியிருப்பார். வயதானவர்கள் ஆண்டுகளைக் குழப்புவது சகஜம்தானே.

பழைய வால்வு:
தாத்தாவை ஏன் ஐயா சந்தேகிக்கிறீர்கள்? அவர் சொன்னது சரி. அவர் கேட்டது கார்ப்பரேஷன் ரேடியோ. ஆமாம், தெருவிளக்கு போட்ட அதே மாநகராட்சிதான் பாட்டும் போட்டது.

சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்நின்று 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை அமைத்தார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பே தொடங்கிவிட்டது. டிரான்ஸ்மிட்டரின் திறன் வெறும் 40 வாட்! ஆயுள் முழுக்க ரேடியோ பழுது பார்த்தே பிழைத்த எனக்கு அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும். பிறகு 200 வாட் கருவி வந்தது. பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி நிலையம் திறந்ததே 1927 ஜூலையில்தான். (அங்கேயும் 1923-இல் ஒரு கிளப் இருந்தது, பம்பாய்க்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.)

கையில் காசில்லாமல் 1927 அக்டோபரில் கிளப் நின்றுபோனது. கருவி மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மறுபடி பேசியது. மாலையில் இசை, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சி. 1938-இல் அகில இந்திய வானொலி வரும்வரை இது நடந்தது.

ரேடியோப் பெட்டி அன்று பணக்காரர் வீட்டுப் பொருள். அது போதாதென்று ஆண்டுக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் வேறு. ராயபுரத்தில் எத்தனை பேரால் முடியும்? அதனால் மெரினா, ஹைகோர்ட் கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், ராபின்சன் பூங்கா என்று பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். சபாவுக்கு டிக்கெட் வாங்க வழியில்லாதவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்து கச்சேரி கேட்கலாம். ராபின்சன் பூங்கா என்றால் 1949-இல் நடந்த தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு அதைவிட மூத்த பழக்கம் அங்கே உண்டு.

சென்னை ரேடியோ வரலாறு என்று எழுதுகிறவர்கள் இந்த எட்டு ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிப் போவதில் எனக்குக் கோபம் உண்டு.

கல்மண்டபம்:
மிக்க நன்றி ஐயா. அந்த நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவு எங்காவது கிடைக்குமா?

பழைய வால்வு:
ஆசைப்படாதீர்கள். பாடகர் மைக் முன்னால் உட்கார்ந்து பாடுவார், அது காற்றோடு போய்விடும். ஒலிநாடா இங்கே வந்தது வெகுகாலம் கழித்து. 1930 ஏப்ரல் மாத நாளிதழ்களைத் தேடிப் பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் ஆரம்பிக்கலாம்.

மயிலைவாசி:
தாத்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிடுங்கள். பீப்பிள்ஸ் பார்க்கில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் இருந்தது?