மார்பில் கட்டி தெரியவில்லை, அக்குளில் புற்றுநோய்: மார்பை அகற்றியே ஆகவேண்டுமா?

கேள்வி (காரைக்குடி):
எங்கள் ஆத்தாவுக்கு வயது 58. வலது அக்குளில் நெறிகட்டியிருந்ததைச் சாதாரண வீக்கம் என்றெண்ணி இரண்டு மாதம் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். காசநோயாக இருக்கலாம் என்று நாங்கள் நினைத்திருக்க, மதுரையில் எடுத்த பயாப்ஸியில் (திசுச் சோதனை) மார்பகப் புற்றுநோயின் பரவல் என்று வந்துவிட்டது. மேமோகிராமில் (மார்பு எக்ஸ்ரே) மார்பில் எதுவும் தெரியவில்லை. மார்பை அகற்றிவிடலாம் என்கிறார் மருத்துவர். “இல்லாத கட்டிக்கு எதற்கு அறுவை?” என்கிறார் ஆத்தா. அவருக்கு என்ன சொல்வது?

பதில் (ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்):
ஆத்தாவின் கேள்வி நியாயமானது, அம்மா. மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே, நோய் தொடங்கிய மூலக்கட்டி இப்படி மறைந்திருக்கும். மார்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா? மேமோகிராமுக்குப் புலப்படாத கட்டி பாதிக்கும் மேற்பட்டோரிடம் அதில் தெரிந்துவிடுகிறது. தெரிந்தால் பெரும்பாலும் அந்தப் பகுதியை மட்டும் எடுக்கலாம். அதிலும் தெரியாவிட்டால், அக்குள் நெறிகளை அறுவை செய்து அகற்றி, மார்பு முழுவதற்கும் கதிரியக்கம் கொடுப்பது ஏற்கப்பட்ட வழி. மார்பை அகற்றியவர்களுக்கும் இவ்வாறு காத்துக்கொண்டவர்களுக்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு இல்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் அரிதென்பதால் அவை பழைய பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டவை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆனால் ஒன்றும் தெரியவில்லையே என்று மார்பைச் சிகிச்சையின்றி விட்டுவிடக் கூடாது. இப்படிக் கட்டி தெரியாமலேயே அகற்றப்பட்ட மார்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது பலவற்றில் கடுகளவுக் கட்டி ஒளிந்திருந்தது. ஆத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். எந்த மருந்து பலன் தரும் என்பதைக் காட்டும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 சோதனை முடிவுகளைப் பார்த்து, கீமோவை (புற்றணுக்களை அழிக்கும் மருந்து) அறுவைக்கு முன்பே தொடங்குவதும் உண்டு.

பதில் (தேவகோட்டை):
எனக்கும் இதே நோய்தான், மார்பை எடுக்கவில்லை. கதிரியக்கத்துக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரம் போகவேண்டியிருந்ததால் மதுரையில் உறவினர் வீட்டிலேயே தங்கினேன். தினமும் ஊரிலிருந்து போய்வருவது ஆத்தாவுக்கு ஆகாது. அதைவிட என்னைப் படுத்தியது கைதான். அக்குள் அறுவைக்குப் பிறகு தோள்பயிற்சியை நான் அலட்சியம் செய்துவிட்டேன். வளவில் உட்கார்ந்து தலைவாரக்கூடக் கை எழவில்லை, பிறகு வீக்கமும் வந்தது. மருத்துவர் சொல்லும் நாளிலேயே பயிற்சியைத் தொடங்கச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை; வியாழனன்று எடுக்கிறோம். ‘கடுகளவு’ என்றதும் ஆத்தா சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, கதிரியக்கத்துக்கு மதுரையில் எங்கே தங்குவது என்று கேட்டார்.