அப்பாவின் ஆர்எக்ஸ் 100-க்கு முன்பக்க டிஸ்க் பிரேக் போடலாமா?

வணக்கம் நண்பர்களே. அப்பா 1993-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என் கையில். 98 சிசி, டூ ஸ்ட்ரோக். இன்ஜினில் கை வைக்க எனக்கு மனமே இல்லை, அந்தச் சத்தம் அப்படியே இருக்கட்டும்.

பிரச்சினை பிரேக்தான். முன்னாலும் டிரம், பின்னாலும் டிரம். புது ஷூ போட்டும் மழையில் பிடிப்பு போதவில்லை; போன வாரம் ஒரு பேருந்தின் பின்னால் மயிரிழையில் தப்பினேன். அன்றிலிருந்து பயமாகவே இருக்கிறது.

சேஸியில் வெட்டு, வெல்டிங் இல்லாமல் எந்த வண்டியின் ஃபோர்க்கும் டிஸ்க்கும் இதற்குப் பொருந்தும்? ஃபோர்க்கை ஹேண்டிலோடு பிணைக்கும் ஹேண்டில் டீயையும் மாற்ற வேண்டுமா? அப்புறம், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைச் சொல்லிச் சிலர் எச்சரிக்கிறார்கள். 2028-இல் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். டிஸ்க் மாற்றியவர்களுக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் சிக்கல் வந்ததா? படமும் போட்டுச் சொன்னால் பேருதவி.