லென்கோ எல்75-க்கு பிளின்த்: ஈட்டியா, கருவேலமா?

ரிக்கார்டுப்பெட்டி:
பழைய லென்கோ எல்75 ரிக்கார்டு பிளேயர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஆனால் கூடவே வந்த பெட்டி வெறும் கூடு. பாட்டு அடங்கும் இடங்களில் அடியிலிருந்து ஓர் உறுமல் கேட்கிறது. கனமான மரத்தில் பிளின்த், அதாவது பிளேயர் உட்காரும் அடிப்பெட்டி, செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். தெரிந்த மரக்கடையில் பழைய ஈட்டிப் பலகையும் கருவேலமும் இருக்கின்றன. எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? வீடு சென்னையில், கடற்கரைப் பக்கம்.

தேய்ந்த ஊசி:
அடர்த்தியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஈட்டி கன மீட்டருக்கு 850 கிலோ பக்கம் வரும், சரிதான், ஆனால் மரிம்பா என்ற, தட்டி வாசிக்கும் வாத்தியத்தின் கட்டைகளை ஈட்டி இனத்து மரத்தில்தான் செய்கிறார்கள், தட்டினால் கணீரென்று நின்று ஒலிக்கும் என்பதற்காகவே. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். விரல் முட்டியால் தட்டினால் 'தொப்' என்று அடங்கிவிட வேண்டும். அந்த மோட்டார் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1,500 சுற்று, அதாவது நொடிக்கு 25. அந்த நடுக்கம் ஊசிக்குப் போவதற்குள் பிளின்த் அதை விழுங்க வேண்டும். பிர்ச் பிளைவுட் 680 கிலோதான், ஆனாலும் மெல்லிய ஏடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பசையோடு இருப்பதால் ஒலி சீக்கிரம் சாகிறது. 18 மி.மீ. தாளில் ஐந்து அடுக்கு, 50-க்கு 40 செ.மீ. அளவு, உள்ளே வெட்டி எடுத்தது போக ஒன்பது பத்து கிலோ நிற்கும், போதும்.

அதற்கு முன்னால், மோட்டாரின் சுழற்சியை ரிக்கார்டு வைக்கும் தட்டுக்குக் கடத்தும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் எந்த மரமும் காப்பாற்றாது.

இழைப்புளி:
மரவேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கருவேலம் வேண்டவே வேண்டாம். வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் அருமையான மரம், ஆனால் சரியாகக் காயாவிட்டால் வெடிக்கும், உளி முனை மழுங்கும், லென்கோவின் அடிப்பாகத்துக்கு வேண்டிய கோணல்மாணலான பள்ளத்தை அதில் குடைவது பெரும்பாடு. கடற்காற்றில் அகலமான ஒற்றைப் பலகை மழைக்காலத்தில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி வளையும். அதன் மேல் உட்காரும் பிளேயரின் மேல்தட்டும் கூடவே முறுக்கிக்கொள்ளும். பிளைவுட்டில் அந்தத் தொல்லை குறைவு, ஒவ்வோர் அடுக்கையும் தனியாக வெட்டி அப்புறம் ஒட்டலாம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கனம்தான், ஈரம் பட்டால் ஊதிவிடும்.

ரிக்கார்டுப்பெட்டி:
ஈட்டியின் அழகை விட மனசு வரவில்லையே. மேல்தட்டைத் தாங்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, தட்டை நேரே பிளின்த்தில் முறுக்கலாமா?

இழைப்புளி:
ஈட்டியை வெனீராக, அதாவது மெல்லிய மர ஏடாக, ஒட்டிக்கொள்ளுங்கள், மேலும் கீழும் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் இழுக்கும். பலகையாகத்தான் வேண்டுமென்றால் கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள், ஈட்டி வெட்ட 1994 சட்டப்படி இங்கே அனுமதி வேண்டியிருந்தது.

தேய்ந்த ஊசி:
நேரே முறுக்கலாம், கனமான பிளின்த் செய்வதே அதற்குத்தான். போல்ட்டை மட்டும் சீராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், மேல்தட்டு வளைந்தால் ஐட்லர் சரியாகப் பதியாது.