குதிரைமசாலில் ஏறிய மஞ்சள் இழை

பல்லடம் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் குதிரைமசால் இருந்தது. ஆடுகளுக்கு அதுதான் பசுந்தீவனம். போன கார்த்திகையில் அறுப்புக்குப் போன என் மனைவி, "யாரோ சேமியாவை அள்ளி வீசியதுபோலக் கிடக்கிறது, வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டாள். முறம் அகலத்துக்கு ஒரு திட்டு. இலையே இல்லாத மஞ்சள் இழைகள். கையால் உருவி வரப்பில் எறிந்தோம். செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம். இரண்டு வாரத்தில் ஒரு திட்டு ஐந்தானது. வரப்போரத் தக்காளியிலும் ஏறிவிட்டது.

ஓர் இழையைத் தண்டிலிருந்து பிரித்தேன். சுற்றியிருந்த பக்கம் முழுக்க ரம்பப் பல்போலச் சிறு முடிச்சுகள். இவைதான் தண்டுக்குள் இறங்கிச் சாறு குடிக்கின்றன. அறுந்த துண்டுக்கும் பச்சைத் தண்டு அகப்பட்டால் போதும், மறுபடி பற்றிக்கொள்ளும்.

வந்து பார்த்த வேளாண் அலுவலர், வட அமெரிக்காவிலிருந்து வந்த கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடி என்றார். மீதமிருந்த விதையைத் தட்டில் கொட்டினேன். வழுவழுப்பான குதிரைமசால் விதைகளுக்கு நடுவே சொரசொரப்பாகப் பழுப்பு உருண்டைகள்! 2 சதவீத உப்புக் கரைசலில் போட்டிருந்தால் மிதந்து தனியே வந்திருக்கும். பூக்குமுன் திட்டுகளைப் பயிரோடு அறுத்து, அங்கேயே காயவைத்துக் கொளுத்தினோம். விதை விழுந்திருந்தால் 10 ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்குமாம். இப்போது அங்கே கம்பு நேப்பியர் நட்டிருக்கிறேன். புல்லினம் பொதுவாக அதற்கு இரையாவதில்லை.

*

பல்லடத்து அண்ணனுக்கு வணக்கம். நான் ராமநாதபுரம் கடலோரம். இங்கே மணல்மேட்டு அடப்பங்கொடியில் இதேபோல் இழை படர்ந்ததைப் பார்த்துப் பதறிப் பிடுங்கப் போனேன். அப்பா தடுத்தார். "இது கொத்தான், காலங்காலமாக இங்கே இருப்பது" என்றார். கசக்கி மோந்தால் லேசான மசாலா வாசம். அதுவும் லவங்கப்பட்டைக் குடும்பம்தான். காய் சதைப்பற்றாக, உருண்டையாக, உள்ளே ஒரே விதை. கஸ்குட்டாவில் உலர்ந்த சிறு காய்க்குள் சில விதைகள் இருக்கும். தயவுசெய்து காயைப் பார்க்காமல் கொத்தானைப் பிடுங்காதீர்கள்.

*

எங்கள் தெருவில் துரந்தா வேலி. அதில் அம்மையார் கூந்தல், கஸ்குட்டாவில் இன்னொரு வகை, நம் ஊர்க் கொடிதான், இழை இன்னும் தடிமன். வேலி கத்தரிக்க வந்தவர் அதே கத்தரியால் மறுபக்கமும் வெட்டிக்கொண்டே போனார். இப்போது இருபுறமும் மஞ்சள். அண்ணன் எழுதியதைப் படித்ததும், நாளை காலை கிளைகளோடு வெட்டிச் சாக்கில் கட்டிவிடப் போகிறேன்.